திரை கறுத்தால் மெஷின் செத்துவிடாது

ராத்திரி எட்டேகால் மணிக்குப் பாலசமுத்திரத்திலிருந்து போன். எங்கள் இரவுப் பாடசாலையைப் பார்த்துக்கொள்ளும் தங்கை. பழனிக்குப் போய் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எப்போதும் "நல்லாருக்கீங்களாண்ணா" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு அது இல்லை.

"அண்ணா, கம்ப்யூட்டர் செத்துப்போச்சுங்க. ஆன் பண்ணா கறுப்பா நிக்குது. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட உதவித்தொகைக்குக் கடைசி. ஒன்பது பேரோட சாதிச் சான்று, மார்க் ஷீட், பேங்க் புக்கு எல்லாம் ஸ்கேன் பண்ணி அதுலதான் வச்சிருக்கோம்."

"யாருகிட்டயாவது காட்டினீங்களாம்மா?"

"டவுன்ல இருந்து ஒருத்தரு வந்து பார்த்தாருங்க. போர்டு போயிருச்சு, நாலாயிரத்து ஐந்நூறு ஆகும்னாரு. இல்லைன்னா விண்டோஸ் போட்டுத் தர்றேன், ஆனா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும்னாரு. உங்களுக்கெல்லாம் எதுக்கு லினக்ஸ்னு வேற கேட்டாரு."

தோழர்களே, இந்தக் கதையை இரண்டு காரணத்துக்காக எழுதுகிறேன். கறுத்துப்போன திரையை எப்படிச் சரிசெய்வது என்பது ஒன்று. உங்களில் பலர் ஊரில் படிப்பகம் நடத்துகிறீர்கள், பழைய மெஷின்களை வைத்துத்தான் நடத்துகிறீர்கள், உங்களுக்கு இது உதவும். இன்னொன்று, அந்த வாரம் நான் செய்த தப்பு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மெஷின். சென்னையில் ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட டெஸ்க்டாப். நண்பர் ஒருவர் கொடுத்த பழைய கிராபிக்ஸ் கார்டைச் செருகி, டெபியன் லினக்ஸ் போட்டு, பழனி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய் இறக்கியவன் நான்தான். கார்டு கம்பெனி தரும் டிரைவரை அதில் போட்டிருந்தேன். ஒன்றரை வருடம் ஒழுங்காக ஓடியது.

போனிலேயே பார்ப்போம் என்றேன். "பவர் பட்டனை அமுக்கினதும் முதல்ல என்ன தெரியுது?"

"கம்பெனி லோகோ வருதுங்க. அப்புறம் வெள்ளை எழுத்து கொஞ்சம் ஓடுது. அப்புறம் கறுப்பு. இடது மூலைல சின்னக் கோடு மட்டும் மினுக்குமினுக்குன்னு இருக்கு."

இந்தப் பதிலிலேயே பாதி வைத்தியம் முடிந்துவிட்டது. லோகோ வருகிறதென்றால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, ஒயர் உயிரோடு இருக்கிறது, கார்டும் எழுத்தைக் காட்டும் அளவுக்கு உயிரோடு இருக்கிறது. போர்டு போயிருந்தால் லோகோ எங்கிருந்து வரும்? கோளாறு அதற்குப் பிறகு, சாஃப்ட்வேர் கிளம்பும் இடத்தில். "போர்டு போச்சு" என்று சொல்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த இடம் வரைக்கும் ஓடி, எந்த இடத்தில் நிற்கிறது?

"கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு, மூணையும் சேர்த்து அமுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அந்தப் பக்கம் நாலைந்து குரல் ஒன்றாகக் கேட்டது. "எழுத்து வருதுங்கண்ணா! லாகின்னு கேக்குது!"

லினக்ஸில் நாம் பார்க்கும் படமயமான திரைக்குப் பின்னால் வெறும் எழுத்துத் திரைகள் சில எப்போதும் தயாராக இருக்கும். டெஸ்க்டாப் விழுந்தாலும் அவை பெரும்பாலும் விழாது. அது வந்துவிட்டால் மெஷின் சாகவில்லை, உள்ளே இருக்கும் கோப்புகளும் சாகவில்லை. ஒன்பது பேரின் சான்றிதழும் பத்திரம்.

அடுத்து, எந்தக் கர்னல் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னேன். கர்னல் என்பது லினக்ஸின் மையம். கட்டளைக்குப் பெயர் யூநேம், ஒரு இடைவெளி, ஒரு ஹைபன், சின்ன ஆர். "கோடு நடுவுலயா அடியிலயாங்கண்ணா?" என்று கேட்டாள். நடுவில். போனில் கட்டளை சொல்லித் தருவது ஒரு தனிக் கலை. அடிக்கோடா நடுக்கோடா, சின்ன எல்லா ஒன்றா, இடைவெளி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். அவள் படித்துக் காட்டிய எண் நான் போட்டுவிட்டு வந்த எண் இல்லை. புதிய கர்னல் வந்திருக்கிறது.

"ரீஸ்டார்ட் பண்ணு. லோகோ போனதும் ஒரு பட்டியல் வரும். ரெண்டாவது வரி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அதுக்குள்ள பழைய எண் இருக்கும். அதைத் தேர்ந்தெடு."

பட்டியல் வராமல் நேராக ஓடிவிடும் மெஷின்களும் உண்டு. பழைய மெஷினில் ஷிஃப்ட்டை அமுக்கியபடி இருந்தால் வரும், புதியதில் எஸ்கேப். எங்களுடையதில் தானாகவே வந்தது. பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்த ஒரு நிமிடத்தில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. மறுநாள் காலை பதினொரு மணிக்குள் ஒன்பது விண்ணப்பமும் போய்விட்டன. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் மிச்சம்.

வேலை நிற்கும்போது முதலில் வேலையை ஓடவைக்க வேண்டும். நோயைப் பிறகு பார்க்கலாம். ஆனால் பார்த்தே ஆக வேண்டும்.

என்ன நோய்? கர்னலால் கிராபிக்ஸ் கார்டோடு நேராகப் பேச முடியாது. அந்தக் கார்டின் பேச்சு தெரிந்த ஒரு நிரல் நடுவில் வேண்டும், அதுதான் டிரைவர். இன்டெல், ஏஎம்டி கார்டுகளுக்கு டிரைவர் கர்னலோடு சேர்ந்தே, மூலநிரல் திறந்தபடி வருகிறது. கம்பெனி தன் மூலநிரலை மூடிவைத்துக்கொண்டு கொடுக்கும் டிரைவர் அப்படியில்லை. அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாகத் தைக்க வேண்டும். தைத்துக்கொடுக்கிற தையற்காரருக்கு டி.கே.எம்.எஸ். என்று பெயர். அவருக்கு வேண்டிய அளவுக் குறிப்புதான் கர்னல் ஹெடர்ஸ். புதிய கர்னல் வந்து, அதன் ஹெடர்ஸ் வராவிட்டால் தையற்காரர் சும்மா உட்கார்ந்திருப்பார். சட்டை இல்லை, டிரைவர் இல்லை, திரை கறுப்பு.

மூடிவைத்த டிரைவர் என்ற இந்தத் தொல்லைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி பேப்பர் சிக்கும். முந்தைய பிரிண்டரில், சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி நிரலைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதில் அதைச் செய்ய முடியவில்லை, மூலநிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அவரைக் கட்டற்ற மென்பொருள் பக்கம் தள்ளியவற்றில் அந்தப் பிரிண்டரும் ஒன்று. 1983 செப்டம்பர் 27இல் குனு திட்டத்தை அறிவித்தார்.

கிராபிக்ஸ் கார்டில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. என்விடியா தன் டிரைவரைப் பல ஆண்டுகள் மூடியே வைத்திருந்தது. தன்னார்வலர்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் நடக்கும் பேச்சை வெளியிலிருந்து ஒட்டுக்கேட்டு, கண்டுபிடித்து, நூவோ என்ற திறந்த டிரைவரைத் தாங்களே எழுதினார்கள். 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தக் கம்பெனியை மேடையிலேயே கெட்ட வார்த்தையில் திட்டினார். 2022 மே மாதம் கர்னலுக்குள் ஓடும் பகுதியின் மூலநிரலை என்விடியா வெளியிட்டது, அதுவும் 2018இல் வந்த ட்யூரிங் வரிசையிலிருந்துதான். அதற்கு முந்தையவை மூடியபடியே நின்றன. 2009இல் வந்த ஜீஃபோர்ஸ் 210 போன்ற கார்டுகளுக்கான டிரைவர் வரிசைக்கு 2019 முடிவோடு ஆதரவும் நின்றுபோனது. அந்தக் கார்டுகள் இன்றைய கர்னலில் ஓடுகின்றன என்றால் அது நூவோவால். புது மெஷின் வாங்க முடியாமல் கழித்துப்போட்டதை எடுத்து ஓட்டுகிறவர்கள் நாம். இந்த வேறுபாடு நமக்குத்தான் அதிகம் உறைக்கும்.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2006, 2007 வாக்கில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தை லினக்ஸுக்கு மாற்றியவர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலித் அதிகாரி. 2010 ஜூலையில் அவருடைய சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவரை இடைநீக்கம் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, சில வாரங்களில் ரத்தும் ஆனது. அரசாங்கத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் என்ன ஓட வேண்டும் என்று தீர்மானித்தவரிடமே, நீ யார் என்ற கேள்வியைத்தான் கேட்டார்கள். 2011 செப்டம்பர் 15இல் அடுத்த ஆட்சியில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது.

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது அந்த லேப்டாப்பாகத்தான். ஆனால் லினக்ஸ் பகுதியை யாரும் திறக்கவில்லை. ஏதாவது கோளாறு என்று கடைக்குப் போனால் அதை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் முந்நூறு, நானூறு. கருவி வந்தது. அதைத் திறந்து பார்க்கும் தைரியம் கூட வரவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை என்பது உண்மை. தொட்டால் கெட்டுவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிய உண்மை.

இப்போது என் தப்பு.

சனிக்கிழமை சாயங்காலம் நோயைப் பார்க்க மறுபடி போனில் உட்கார்ந்தோம். கறுத்த கர்னலிலேயே கிளம்பி எழுத்துத் திரைக்குப் போகச் சொன்னேன். எல்.எஸ்.பி.சி.ஐ., இடைவெளி, ஹைபன், கே. கார்டின் பெயருக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரியே இல்லை. டிரைவர் ஏறவில்லை என்பது உறுதி. அடுத்து டி.கே.எம்.எஸ்., இடைவெளி, ஸ்டேட்டஸ். இதை சூடோ போட்டு அடிக்க வேண்டும்.

"பாஸ்வேர்டு கேக்குதுங்கண்ணா."

நான் பேசவில்லை. அந்தப் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது நானே உட்கார்ந்து அடிப்பேன், மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள்.

"நான் அடுத்த தடவை வர்றப்ப பார்த்துக்கலாம்மா" என்றேன்.

"அண்ணா, நீங்க வர்றதுக்கு இன்னும் ஒன்றரை மாசம் ஆகுமுங்களே." கொஞ்சம் நிறுத்தினாள். "நாங்க என்னத்தைக் கெடுத்துறப் போறோம்?"

2005இல் நான் படித்த கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் இருபது மெஷின், நாற்பது பேர். இருவருக்கு ஒன்று. யார் உட்கார்வது, யார் பின்னால் நிற்பது என்று லேபைப் பார்த்துக்கொண்டவர் முடிவு செய்வார். முதல் வாரமே எனக்கும் ஹாஸ்டலில் இருந்து வந்த இன்னும் மூன்று பேருக்கும் இடம் பின்னால் என்று ஆகிவிட்டது. "நீங்க பாருங்க, போதும். தொட்டு எதையாவது கெடுத்துறாதீங்க." இரண்டு வருடம் நான் அடுத்தவர் தோளுக்கு மேலாகத்தான் கம்ப்யூட்டர் படித்தேன். பதினெட்டு வருடம் கழித்து என் பாடசாலையில், என் தெருப் பிள்ளைகளைப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சிறுவன் பீம்ராவ் படித்த பள்ளியில் தண்ணீர்க் குழாயை அவர் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். மேடையில் எத்தனையோ முறை நான் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். எங்கள் பாடசாலையில் அண்ணன் போனை எடுக்காத நாளில் கம்ப்யூட்டர் இல்லை. அந்தக் குழாய்க்கு நான்தான் பியூன்.

பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவள் அடித்தாள்.

டி.கே.எம்.எஸ். பட்டியலில் பழைய கர்னல் எண்ணுக்கு நேராக இன்ஸ்டால்ட் என்றிருந்தது. புதிய எண் பட்டியலிலேயே இல்லை. காரணமும் புரிந்தது. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக வரும்படி வைத்தவன் நான். அதனால் புதிய கர்னல் தானாக வந்தது. ஆனால் ஹெடர்ஸை அன்றைய எண்ணுக்கு மட்டும் கையால் போட்டுவிட்டு, அடுத்தடுத்த எண்களுக்கும் சேர்த்து இழுத்துவரும் பொதுப் பொட்டலத்தைப் போடாமல் பஸ் பிடிக்க ஓடியவனும் நான்தான். யாரிடமும் கொடுக்காமல் நான் காத்த மெஷினைக் கெடுத்தது நான். "அப்ப கெடுத்தது நீங்களாங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு பையனின் போனை ஒயரில் மாட்டி, யூ.எஸ்.பி. டெதரிங் போட்டு நெட் கொடுத்தார்கள். ஏ.பி.டி. இன்ஸ்டால், பிறகு லினக்ஸ் ஹைபன் ஹெடர்ஸ் ஹைபன் ஏஎம்டி 64. இறங்கியது. தையற்காரர் தானாக எழுந்து மூன்று நிமிடம் தைத்தார். ரீஸ்டார்ட். புதிய கர்னலிலேயே டெஸ்க்டாப் வந்தது.

உங்கள் மெஷினில் காரணம் வேறாக இருக்கலாம். அதனால் இன்னும் கொஞ்சம் எழுதிவைக்கிறேன்.

எழுத்துத் திரையும் வரவில்லை என்றால்: துவக்கப் பட்டியலில் முதல் வரியில் நின்று இ என்ற எழுத்தை அமுக்குங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு நோமோட்செட் என்று அடித்து, கன்ட்ரோலும் எக்ஸும். என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி, ஒரே சொல். கார்டின் டிரைவரை நம்பாமல் சாதாரணத் திரையோடு கிளம்பு என்று அர்த்தம். படம் மங்கலாக இருக்கும், வேலை நடக்கும். அந்த ஒரு முறைக்கு மட்டும்தான் அது செல்லும், எதுவும் கெடாது.

காரணம் தேட: ஜர்னல்சிடிஎல், இடைவெளி, ஹைபன் பி, இடைவெளி, ஹைபன் ஒன்று, இடைவெளி, சின்ன எழுத்தில் ஹைபன் பி (பிரையாரிட்டியின் பி), இடைவெளி, மூன்று. முதலில் வரும் பி பூட்டின் பி. போன முறை கிளம்பியபோது நடந்த பிழைகளை மட்டும் இது காட்டும். ஃபெர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்று வந்தால், திறந்த டிரைவர் இருந்தும் கார்டுக்கான ஃபெர்ம்வேர் பொட்டலம் இல்லை என்று பொருள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது, அதற்கு முன் தனியாகப் போட வேண்டியிருந்தது. சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் "கீ வாஸ் ரிஜெக்டட்" என்று வந்தால், அது செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத டிரைவரைப் புதிய லேப்டாப்கள் ஏற்காது. டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் என்ரோல் எம்.ஓ.கே. என்று கேட்கும். பலர் பயந்து கன்டின்யூ கொடுத்துவிடுவார்கள். பயப்படாமல் என்ரோல் கொடுத்து, வைத்த பாஸ்வேர்டை அடியுங்கள்.

எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதிவையுங்கள். இணையத்தில் பார்த்ததையெல்லாம் வரிசையாக ஒட்டினால் எது தீர்த்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

லினக்ஸ் ஏழைகளுக்கான ஓசி விண்டோஸ் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. பெங்களூரில் குடிசைப்பகுதி ஒன்றில் கட்டற்ற மென்பொருள் தோழர்கள் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்று ஒன்றை நடத்தினார்கள். வேண்டாமென்று வந்த பழைய மெஷின்களில் குனு லினக்ஸ் போட்டு, அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஜிம்ப்பில் படம் வரையக் கற்றார்கள். இங்கே விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறது. அவர்கள் ஓசிக்காகப் போகவில்லை. இந்த மெஷின் ஏன் நின்றது என்று கேட்டால் அது தன் காரணத்தை எழுதிவைத்திருக்கும். அதைப் படிக்க யார் அனுமதியும் தேவையில்லை, பாஸ்வேர்டு உங்கள் கையில் இருந்தால்.

போன மாதம் ஊருக்குப் போனபோது மெஷின் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று ஆணியில் தொங்கியது. முதல் பக்கத்தில் அந்த சனிக்கிழமைக் கட்டளைகள் எல்லாம் வரிசையாக, நடுக்கோடு எது அடிக்கோடு எது என்று சிவப்புப் பேனாவில் குறித்து. கீழே பாஸ்வேர்டு தெரிந்த மூன்று பேரின் பெயர். புரட்டினால் நான்காம் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு கதை: ஸ்பீக்கரில் சத்தம் வராமல் போனது, இரண்டு நாள் தேடியது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்டுபிடித்தது.

"எனக்கு ஏம்மா போன் பண்ணலை?" என்று கேட்டேன்.

"எதுக்குங்கண்ணா?" என்றாள்.

ஜெய்பீம்.